அறுவைக்குப் பின்வரும் நாட்கள்

தமிழ் பயிலும் மாணவராகிய யாம் மருத்துவத் துறைக்குரிய ஒரு பொருளைப் பற்றி எழுதப் புகுந்தமை, இவ்விதழைக் கையிலெடுக்கும் ஆசிரியர்கட்கும் நண்பர்கட்கும் வியப்பை விளைத்தல் கூடும். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் துறைகளிலே புலவர் பாடும் உறுப்புக்களுள் குறங்கும் ஒன்றாம். வாழைத்தண்டினையும் யானைத் துதிக்கையினையும் அதற்கு உவமையாக வைத்து, அவர் அடுத்த உறுப்பிற்குச் சென்றுவிடுவர். உடல் பருத்துப் பின் மெலிந்து, தோல் மட்டும் மெலியாமல் மடிந்து தொங்கும் குறங்கினைப் பற்றி யாம் படித்த அளவில் ஒரு புலவரும் பாடினாரல்லர். அத்தகைய குறங்குடையார்க்கு இந்நாளில் செய்யப்பெறும் அறுவை ஒன்றுண்டு. மிகைத்தோலை நீக்கி எஞ்சியதை இறுக்கித் தைக்கும் இவ்வறுவையை 'தை லிஃப்ட்' என்று மருத்துவர் வழங்குவர். யாம் ஈண்டுத் தொடைத்தோல் அறுவை என்போம்.

இதனைச் செய்துகொள்ளலாமா ஆகாதா என்று தீர்ப்புரைப்பது எம் நோக்கமன்று. செய்துகொள்ள விழைவார்க்கு முன்னரே எவையெவை சொல்லப்பட வேண்டும் என்பதும், சொல்லியபின் சிந்திப்பதற்கு எத்துணை நாள் இடந்தரல் வேண்டும் என்பதுமே எம் வினாக்கள். அவற்றுள் பின்னது நம் நாட்டிலும் சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டுமென்பது எம் கருத்து. அக்கருத்திற்கு யாம் வந்த வழியை முறையே கூறுவோம்.

இவ்வறுவையை நாடுவோரைப் பற்றி நம்மவர் வாயில் முதலில் வருஞ்சொல் 'வீண் அலங்காரம்' என்பதே. அச்சொல் பலர்திறத்துப் பொருந்தாது. இரைப்பையைச் சுருக்கும் அறுவையினாலோ கடுமையான உணவுக் கட்டுப்பாட்டினாலோ நாற்பது ஐம்பது கிலோ எடை குறைந்த ஒருவரை எண்ணிப் பார்மின். தோலுக்கு விரியவும் சுருங்கவும் ஆற்றல் தருவன அதனுள் அமைந்த நுண்ணிய நார்கள். பல்லாண்டு இழுபட்டு நைந்த நார்கள், கொழுப்புக் கரைந்தவுடன் முன்போலச் சுருங்கமாட்டா. பஞ்சு குறைந்த தலையணையின் உறை போலத் தோல் தளர்ந்து மடிகின்றது. உட்தொடையின் மடிப்புக்கள் நடக்குந்தோறும் ஒன்றோடொன்று உராய்கின்றன, வியர்வை தங்குகின்றது, தோல் சிவந்து புண்ணாகின்றது, படை பற்றுகின்றது. சித்திரை வெயிலில் பேருந்து நிலையம் வரை நடந்து செல்லவேண்டிய ஒருவர்க்கு இஃது எத்தகைய துன்பம் என்பதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உடற்பயிற்சி தசையை வலுப்படுத்துமேயன்றித் தோலைச் சுருக்காது. கொழுப்பை மட்டும் குழாயால் உறிஞ்சியெடுக்கும் முறையோ, நெகிழ்வாற்றல் இழந்த தோலின் தளர்ச்சியை மிகுவிக்கவும் கூடும். பருத்திருந்த காலத்தில் அவரைப் பார்த்து நகைத்த நாமே, மெலிந்தபின்னும் 'இன்னும் அழகு வேண்டுமோ' என்று எள்ளுதல் எவ்வாற்றானும் நேர்மையன்று. தோற்றத்தின் பொருட்டு மட்டுமே இதனை நாடுவாரும் உளர். அவரையும் யாம் குறைகூறோம். அவர்க்கும் உண்மை முழுதும் சொல்லப்பட வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

இனி, அறுவையின் இயல்பைச் சிறிது நோக்குவோம். தளர்ச்சி உட்தொடையின் மேற்பகுதியில் மட்டும் இருப்பின், கவட்டின் மடிப்பை ஒட்டிப் பிறைவடிவில் கீறி, மிகைத்தோலை நீக்கி, எஞ்சியதை மேல்நோக்கி இழுத்துத் தைப்பர். முழங்கால் வரை தளர்ந்திருப்பின், உட்தொடையின் நெடுகிலும் மற்றொரு கீறல் வேண்டப்படும். 1957-ஆம் ஆண்டில் லூயிஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் இவ்வறுவையை விவரித்து எழுதினார். அக்காலத்தில் தோலைத் தோலோடு மட்டுமே சேர்த்துத் தைத்தனர். தொடையின் எடையோ கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால், கவட்டில் மறைந்திருக்கவேண்டிய தழும்பு நாளடைவில் தொடையின்மேல் இறங்கித் தோன்றலாயிற்று. பெண்களுக்குப் பிறப்புறுப்பின் வெளிமடல் இழுபட்டு விலகுதலும் நேர்ந்தது. 1988-ஆம் ஆண்டில் டெட் லாக்வுட் என்னும் மற்றோர் அமெரிக்க மருத்துவர், தோலின் உட்படலத்தைக் கவட்டின் ஆழத்திலுள்ள கோலீஸ் சவ்வு என்னும் உறுதியான படலத்தோடு பிணைத்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். சுமை தோலின்மேல் விழாது அச்சவ்வின்மேல் விழுமாறு செய்தமையே அவர் கண்ட நுட்பம். தையலின் இடத்தைச் சிறிது மாற்றிய இச்செயல் எத்துணைப் பெண்களை வெளியிற் சொல்லவொண்ணாத துன்பத்தினின்றும் காத்ததென்று எண்ணுங்கால், அவர்பால் எமக்கு மதிப்பு மிகுகின்றது.

ஆயினும் நுட்பம் வளர்ந்தமையால் இடையூறுகள் நீங்கிவிடவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவர்கள், மிகுந்த எடை குறைந்தபின் இவ்வறுவை செய்துகொண்ட 106 பேரின் குறிப்புக்களை ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இருவர்க்கு ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்திருந்தது. பாதியளவினர்க்குத் தையல் சிறிதேனும் விட்டுப் புண் திறந்தது. அவர்கள் கைதேர்ந்தவர், அம்மருத்துவமனையும் இத்துறையிற் பெயர்பெற்றது. அங்கேயே இந்நிலையாயின், பிறவிடங்களைப் பற்றி யாம் என் சொல்வேம்? நேர்ந்த சிக்கல்களிற் பெரும்பாலன மருந்திட்டும் கட்டுமாற்றியும் ஆற்றக்கூடியனவே. உயிர்க்கு இறுதி செய்வனவல்ல. அதனால்தான் போலும் இவை விளம்பரப் படங்களில் இடம்பெறுவதில்லை. 'முன்', 'பின்' என்று இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டுகின்றனர். அவ்விரண்டற்கும் இடையே கழிந்த திங்கள்களைக் காட்டும் படம் ஒன்றையும் யாம் கண்டிலேம்.

இவ்விடத்துப் புண் ஆறுதற்கு அரிதாதல் ஏனெனின், கவடு எப்பொழுதும் ஈரமும் வெம்மையும் உடையது. கிருமிகள் இயல்பாகவே மிக்கது. நடப்பினும் இருப்பினும் எழினும் அசைவது. இரண்டு கீறல்களும் வந்து கூடும் முனையில் தோலின் இரத்த ஓட்டம் குறைவு, இழுவிசையோ மிகுதி. தையல் பெரும்பாலும் அம்முனையிலேதான் விடும். இஃதன்றியும், காலிலிருந்து மேலேறும் நிணநீர்க் குழாய்கள் பலவும் தோலடியில் ஓடும் பெருநாளமும் உட்தொடை வழியாகவே செல்கின்றன. அக்குழாய்கள் அறுபடின், தோலின்கீழ் நீர் தேங்கிக் கட்டிக்கொள்ளும். சிலர்க்குக் கால்வீக்கம் நெடுநாள் நிற்கும். தேர்ந்த மருத்துவர் அக்குழாய்களைத் தொடாது மேலடுக்கில் மட்டுமே வெட்டிச் செல்வர். 'உம் கத்தி எவ்வளவு ஆழம் செல்லும்?' என்னும் வினா நோயாளி கேட்கத்தகாத வினாவன்று.

புகைபிடிப்பவர் பற்றி ஒரு சொல். பீடியும் சிகரெட்டும் தரும் நிகோட்டின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றது. இரத்தம் செல்லாத தோல்விளிம்பு கறுத்து மாயும். அறுவைக்கு நான்கு கிழமை முன்னரே விட்டு, பின்னும் நான்கு கிழமையேனும் தொடாதிருக்குமாறு மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான். நீரிழிவுடையார் சர்க்கரையை அடக்கியபின்னரே வருதல் வேண்டும். இரைப்பை அறுவை செய்துகொண்டவர்க்குப் புரதமும் இரும்புச்சத்தும் சில வைட்டமின்களும் குறைந்திருத்தல் வழக்கம். அக்குறையோடு தைத்த தோல் எங்ஙனம் கூடும்? எடையும் ஆறு திங்களேனும் ஏறாமலும் இறங்காமலும் நின்றிருத்தல் வேண்டும்.

நிற்க. உயிர்க்கு இறுதி செய்யவல்ல இடையூறு ஒன்றுண்டு. அது காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறைதல். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலிற் சென்று அடைக்குமாயின், நலமாகப் பேசிக்கொண்டிருந்தவரும் சிறிது நேரத்தில் மாய்வர். இக்கட்டி காலிலிருந்து நுரையீரலுக்குச் செல்லுதலைத் தெளிவுறக் காட்டியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் வாழ்ந்த விர்ஷோ என்னும் செருமானியப் பேரறிஞர். இரத்தம் ஓடாது தேங்குதல், நாளத்தின் சுவர் ஊறுபடுதல், இரத்தமே உறையுந்தன்மை மிகுதல் என்னும் மூன்றும் அவர் பெயரோடு சார்த்திக் கூறப்படுகின்றன. தொடையில் இரண்டு மூன்று மணிநேரம் அறுவை நடக்குங்கால் இம்மூன்றும் ஒருங்கே கூடுதற்கு இடமுண்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வச்சம் எவ்வளவு என்று மதிப்பிட, ஜோசப் கப்ரீனி என்னும் அமெரிக்க மருத்துவர் 1991-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். அகவை, உடற்பருமன், குடும்பத்தில் எவர்க்கேனும் இரத்தக்கட்டு இருந்தமை, கருத்தடை மாத்திரை உண்ணுதல் முதலிய ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துக் கூட்டுவர். கூட்டுத்தொகை மிகுந்தவர்க்கு உறைதலைத் தடுக்கும் மருந்தை ஊசிவழியே செலுத்துவர். அம்மருந்தால் இரத்தக்கசிவு மிகக்கூடும் என்பதும் உண்மையே. இவ்விரண்டு அச்சங்களையும் நிறுத்துப் பார்த்தல் மருத்துவர் கடமை. தம் பாட்டிக்கு ஒருகால் கால்வீங்கியதையும் தாம் உண்ணும் மாத்திரையையும் மறைக்காது சொல்லுதல் நோயாளியின் கடமை. மாமியார் அருகில் அமர்ந்திருக்க, கருத்தடை மாத்திரையைப் பற்றி வாய்திறக்க நாணும் பெண்கள் நம் நாட்டில் பலர். அவ்வினாவைத் தனியே அழைத்துக் கேட்கும் மருத்துவரே மருத்துவர்.

இரத்தம் உறைதலின் அச்சம் மருத்துவமனையை விட்டு வந்தவுடன் ஒழிவதன்று. பல கிழமைகள் தொடரும். ஆதலின் வீட்டார்க்கே இக்குறிகள் தெரிந்திருத்தல் வேண்டும். ஒருகாலின் ஆடுசதை மட்டும் வீங்கி நோதல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், நள்ளிரவாயினும் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். ஒரு தொடை திடீரெனக் கல்போல இறுகிப் புடைப்பின் உள்ளே குருதி கசிகின்றதென்று அறிக. காய்ச்சலும், புண்ணைச் சூழ்ந்து பரவும் சிவப்பும், தீநாற்றமும் கிருமி பற்றியதற்கு அடையாளம்.

வீட்டில் கழியும் நாட்களின் இயல்பு யாது? அறுவை முடிந்த அன்றே அல்லது மறுநாளே நோயாளியை எழுப்பிச் சில அடிகள் நடத்துவர். இரத்தம் தேங்காமைப்பொருட்டு இது வேண்டப்படுவது. தேங்கும் நீரை வெளியேற்ற வைத்த குழாய்கள் சில நாள் முதல் இரண்டு கிழமை வரை இருத்தல் கூடும். இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறுக்கும் ஆடையை நான்கு முதல் ஆறு கிழமை பகலும் இரவும் அணிதல் வேண்டும். நாற்காலியில் அமர்ந்து செய்யும் தொழிற்குத் திரும்பவே இரண்டு மூன்று கிழமை ஆகும். ஓடுதல், பளு தூக்குதல் முதலியவற்றிற்கு ஆறு கிழமை. தழும்பு சிவப்பு மாறி அடங்க ஓராண்டிற்கு மேலும் செல்லும். முற்றும் மறையாது, மறையுமென்பவர் பொய்யுரைக்கின்றார்.

இக்கணக்கெல்லாம் மேனாட்டு வீடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நம் வீடுகளின் செய்தி வேறு. தரையிற் சம்மணமிட்டு அமர்ந்தால் உட்தொடைத் தையல் அகல இழுபடும். குந்தியிருக்கும் கழிப்பிடம் அதனினும் கொடிது. அது தையலின் நேர்ப்பகை. இருசக்கர வண்டியில் காலைப் பரப்பி ஏறுதலும் அத்தகையதே. ஆறு கிழமைக்கு இவற்றையெல்லாம் விலக்குவதெனின், உயரமான கழிப்பிடமும் நாற்காலியும் கட்டிலும் உள்ள வீடு வேண்டும். சமைக்கவும் நீர்கொணரவும் புண்ணுக்குக் கட்டுமாற்றவும் வேறொருவர் கை வேண்டும். அந்தக் கை நம் நாட்டிற் பெரும்பாலும் தாயின் கை, அல்லது மகளின் கை. அவர்களை அழைத்து வைத்து ஒருநாளேனும் பேசும் மருத்துவமனைகள் எத்துணை?

எமக்கு நெருங்கிய உறவினர் ஓர் அம்மையார். பள்ளி ஆசிரியை, எமக்குச் சித்தி முறையாவார். எடை குறைந்து இரண்டாண்டிற்குப் பின் ஒரு நகரத்து மருத்துவமனையில் இவ்வறுவையைச் செய்துகொண்டார். 'பத்து நாள் விடுப்புப் போதும்' என்று அங்கே கூறியிருந்தனர். கூறியவர் மருத்துவருமல்லர், கட்டணம் எழுதும் மேசையிலிருந்தவர். சித்தியின் வாடகை வீடு இரண்டாம் மாடியில் உள்ளது. கழிப்பிடமோ பழைய முறையினது. பன்னிரண்டாம் நாள் கவட்டோரத்தில் தையல் விட்டு, ஒரு ரூபாய் நாணயத்தளவு புண் திறந்தது. அது மூட ஏழு கிழமை ஆயிற்று. எழுபது கடந்த எம் பாட்டி நாள்தோறும் கீழே அமர்ந்து கட்டுமாற்றினார். விடுப்பு நீண்டதால் சித்திக்கு அரைச் சம்பளமே வந்தது. இப்பொழுது அவர் நலமாக இருக்கின்றார். அறுவை செய்துகொண்டதற்கு வருந்தினாருமல்லர். 'புண் திறக்கும் என்று சொல்லியிருந்தால் கோடை விடுமுறைக்குத் தள்ளிவைத்திருப்பேன்; கீழ்வீட்டில் ஓர் அறை கேட்டிருப்பேன்; அம்மாவைக் குனியவைத்திருக்க மாட்டேன்' என்பதே அவர் மனக்குறை. யாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்தது அச்சொற்களைக் கேட்டபின்னரே.

அறுவை அறைக்குள் நிகழ்வனவற்றிற்கு உலகம் பெருங்காப்புச் செய்துள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் 19 வினாக்கள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்குமுன் சிலவும், கத்தி படுமுன் சிலவும், அறையை விட்டு நீங்குமுன் சிலவுமாக அவற்றை வாய்விட்டுக் கேட்டு விடை பெறல் வேண்டும். புதுடில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதனைக் கையாண்டு பார்த்தபோது, அறுவைக்குப்பின் மருத்துவமனையில் இறப்போர் நூற்றுக்கு 1.5 என்னும் அளவிலிருந்து 0.8 ஆகக் குறைந்தனர் என்று 2009-இல் வெளியாயிற்று. அத்தாளின் இறுதி வினா, இந்நோயாளி தேறுங்காலத்தில் கருதவேண்டுவன யாவை என்பது. அதற்கு விடை கூறுவோர் மருத்துவரும் செவிலியும், கேட்போரும் அவர்களே. நோயாளியோ அப்போது மயக்கத்தில் இருக்கின்றார். வீட்டில் அவரைப் பேணப்போகிறவரோ வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருக்கின்றார்.

முன்னாய்வு தவறினால் விளைவது யாது என்பதற்கு அமெரிக்க நாட்டுச் செய்தி ஒன்றைக் காட்டுவோம். டாண்டா வெஸ்ட் என்பவர் சிகாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறைத் தலைவராயிருந்த பேராசிரியை. பாடகர் கான்யே வெஸ்டின் தாயார். 2007-ஆம் ஆண்டு நவம்பரில், தொடையிலன்று, வயிற்றிலும் மார்பிலும் ஒப்பனை அறுவை செய்துகொண்டு, மறுநாள் தம் இல்லத்திலேயே மயங்கி வீழ்ந்து இறந்தார். இதயக் குழாய் நோயும் அறுவைக்குப் பின் நேர்ந்த காரணங்கள் பலவும் கூடி அவர் மாய்ந்தாரென்று பிணவாய்வு கூறிற்று. அதன்பின் கலிபோர்னியா மாநிலம் 2009-ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது. ஒப்பனை அறுவைக்கு முன் 30 நாட்களுக்குள் உடலாய்வு செய்து, தக்கவர் என்று எழுத்தாற் சான்று பெற்றாலன்றிக் கத்தி படலாகாது என்பது அச்சட்டம். ஒரு பேராசிரியை இறந்தபின் வந்த சட்டம் அது. நமக்கு அதற்குமுன் வருமாயின் நன்று.

காத்திருக்கும் நாளைப் பற்றிப் பிரெஞ்சு நாட்டிற்கே யாம் முதலிடம் தருவோம். அந்நாட்டில் 2005-ஆம் ஆண்டு ஆணையின்படி, ஒப்பனை அறுவை செய்யும் மருத்துவர் செலவு விவரத்தை எழுதிக் கொடுத்த நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடையே 15 நாட்கள் கழிதல் வேண்டும். நோயாளியே விரைந்தாலும் அந்நாளைக் குறைத்தல் இயலாது. இங்கிலாந்திலோ, அறுவை மருத்துவர் கல்லூரி இரண்டு கிழமையேனும் இடைவிட்டு இருமுறை கலந்து பேசல் வேண்டுமென்று வகுத்துள்ளது. அந்நாட்டு மருத்துவ மன்றம் 2016-இல் வெளியிட்ட நெறிமுறையோ, ஒப்புதலை அறுவை செய்யும் மருத்துவரே நேரிற் பெறல் வேண்டும், பிறரிடம் ஒப்படைக்கலாகாது என்கின்றது. மருத்துவப் பணியைப் பரிசுப்பொருளாக அறிவித்தலையும் தடுக்கின்றது. சித்திக்குப் பத்து நாட்கணக்குச் சொன்ன மேசையை இங்கே நினைவூட்டுதல் தகும்.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லையெனல் பொருந்தாது. நோயாளியின் ஒப்புதல் உண்மையான ஒப்புதலாக இருத்தல் வேண்டும். செய்யப்போவது யாது, வேறு வழி யாது, இடர் யாது என்பன போதிய அளவு உரைக்கப்பட வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் விளம்பரத்தால் நோயாளிகளை ஈர்த்தலை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. பொது அறுவைப் பட்டத்தின்மேல் மூன்றாண்டு பயின்று எம்.சிஎச். பட்டம் பெற்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவரும் நம்மிடையே உளர். அவரை நாடுதலே முதற்காப்பு. ஆயினும் நீதிமன்றம் சொன்ன 'போதிய அளவு' என்பதற்கு நாளொன்று குறித்தாலன்றி, அச்சொல் அறுவையன்று காலை ஏழு மணிக்குச் செவிலி நீட்டும் தாளிலேயே முடிந்துவிடுகின்றது. இரவு முழுதும் உண்ணாமல், ஊசி குத்திய கையோடு, முன்பணமும் கட்டிவிட்டு இருப்பவர் அப்பொழுது கையெழுத்திடாமல் எழுந்து போவாரோ?

'பதினைந்து நாள் எதற்கு? முதிர்ந்த அகவையினரைச் சிறுபிள்ளைபோல் நடத்துவதோ?' என்று எம் விடுதி நண்பர் ஒருவர் வினவினார். பொருளியல் பயில்வார் அவர். தன்னுரிமையில் மிக்க பற்றுடையார். அவர் வாதத்தில் வலிமை உண்டு. பித்தப்பைக்கும் குடல்வாலுக்கும் இச்சட்டத்தை யாம் கேட்டிலேம். அங்கே நாள் கடத்தல் தீங்கு. பல்லாண்டு தளர்ந்திருந்த தோல் இன்னும் இரு கிழமை தளர்ந்திருத்தலாற் புதிய கேடொன்றும் வருவதன்று. அந்நாட்களில் வீட்டுக் கழிப்பிடத்தை மாற்றலாம், விடுப்பைக் கேட்கலாம், துணைக்கு வருபவரை அழைத்துச் சென்று மருத்துவரைக் காணலாம். உரிமையைப் பறிப்பதன்று இது; உரிமையைக் கையாளுதற்கு வேண்டும் காலத்தைத் தருவது. நண்பர் உடன்பட்டாரல்லர். அது கிடக்க.

'மருத்துவமனைகள் வருவாய் இழக்கும்' என்னும் மற்றொரு தடைக்கு யாம் விடைகூற விரும்பவில்லை.

தொலைவிலிருந்து வருவோர் திறத்து மட்டும் ஓர் இடர்ப்பாடு உண்டென்பதை ஒப்புகின்றோம். இலங்கையிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பலர் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வருகின்றனர். பதினைந்து நாளுக்கு முன்னொருமுறையும் பின்னொருமுறையும் அவர்கள் வருதல் அரிது. முதற்கலந்துரையாடலைக் காணொளியில் நடத்தி, செலவு விவரத்தையும் இடர் விவரத்தையும் அவர்க்கு விளங்கும் மொழியில் எழுதியனுப்பி, அந்நாளிலிருந்து கணக்கிடலாம். இதனினும் பெரியது அவர்கள் திரும்பிச் செல்லும் பயணம். பல மணிநேரம் கால் மடக்கி வானூர்தியில் அமர்ந்திருத்தல் இரத்தம் உறைதலுக்குத் துணைசெய்யும். தையல் ஆறாத உட்தொடைக்கும் நன்றன்று. எத்துணை நாளுக்குப்பின் பறக்கலாமென்பதை அறுவை செய்த மருத்துவரே எழுதிக்கொடுத்தல் வேண்டும். அந்நாள் வரை இங்குத் தங்குதற்காகும் செலவும் முதல் விவரத்திலேயே சேர்க்கப்பட வேண்டும். ஊர் சேர்ந்தபின் புண் திறந்தால் அதனைப் பார்க்கப்போகும் மருத்துவர் யாரென்பதும், நோயாளி கையெழுத்திடுமுன் அத்தாளில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எழுதுதற்கு ஒருவர் பெயரும் இல்லையெனின், ஒருவரைத் தேடிக்கொள்ளும் வரை அறுவையின் நாளைத் தள்ளிவைத்தலே தகும்.